பத்து நாட்களைத் தூக்கிய போப்பும் ஒத்துக்கொள்ளாத ஐரோப்பாவும்: 1582 நாட்காட்டிச் சண்டை

#1 வைகைக்கரையான்

குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று காலமானார்களாம். உலகப் புத்தக தினம் அந்தத் தேதியில் வருவதும் அதனால்தானாம்.

கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்பெயினின் ஏப்ரல் 23-உம் இங்கிலாந்தின் ஏப்ரல் 23-உம் ஒரே நாளே இல்லை. ஷேக்ஸ்பியர் கண்ணை மூடியபோது ஸ்பெயினில் மே 3.

1582-இல் போப் 13-ஆம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார், இங்கிலாந்து 1752 வரை அதை ஏற்கவில்லை, இதுவரை சரி. என் கேள்வி வேறு. பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததெல்லாம் "திருச்சபை அறிவியலுக்கு எதிரி, புராட்டஸ்டன்ட் நாடுகள்தான் முன்னேறின" என்ற கதை. இங்கே போப் சரியான கணக்கைக் கொண்டு வருகிறார், நியூட்டனின் நாடு 170 வருடம் தப்பான கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

#2 செல்வி_வானம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சண்டையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலியஸ் சீசரின் வருடம் 365 நாள் 6 மணி நேரம். பருவங்கள் சுற்றி வரும் உண்மையான வருடம் அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று விட்டால் 128 வருடத்துக்கு ஒரு நாள் நழுவிவிடும். மார்ச் 21-இல் இருக்க வேண்டிய சம இரவு நாள் 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது.

விவசாயிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சிக்கல் ஈஸ்டரில். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். சூரியக் கணக்கு 10 நாள் பிசகு, அவர்கள் வைத்திருந்த 19 வருடச் சந்திரச் சுழற்சி தனியாக 4 நாள் பிசகு. இரண்டு பிழையும் சேர்ந்தால் சில வருடங்களில் ஈஸ்டர் பல வாரம் தள்ளிப் போய்விடும். திருத்தத்தில் கடினமான பகுதி இந்தச் சந்திரக் கணக்குதான். லீப் வருட விதி (400 வருடத்தில் 100 லீப் வருடத்துக்குப் பதில் 97) எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சந்திரனுக்குச் செய்த வேலையை யாரும் பேசுவதில்லை.

#3 கணக்குப்பிள்ளை

ஒரு சந்தேகம் மேடம். சீசர் காலத்திலிருந்து 1582 வரை 1600 வருடத்துக்கு மேல். 128-ஆல் வகுத்தால் 12 நாள் வருகிறதே, ஏன் 10 நாளை மட்டும் எடுத்தார்கள்?

#4 செல்வி_வானம்

நல்ல கேள்வி. சீசர் காலத்துக்குத் திரும்புவது அவர்கள் நோக்கமே இல்லை. கி.பி. 325 நிசேயா பொதுச்சங்கத்தின் (திருச்சபை ஆயர்கள் கூடிய பேரவை) காலத்தில் வானம் எப்படி இருந்ததோ, அதற்குத் திரும்பினால் போதும். 325-இலிருந்து 1582 வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 10 வரும். எந்தத் தேதியை அடிப்படையாக வைப்பது என்பது வானியல் முடிவல்ல, சபையின் முடிவு. இங்கிலாந்தில் எலிசபெத் அரசி காலத்துக் கணிதர் ஜான் டீ இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கு 11 நாள்.

#5 பழுப்பேடு

வைகைக்கரையான், உங்கள் கேள்வியிலேயே இரண்டு கட்சிகள் முன்கூட்டியே நிற்கின்றன: ஒரு பக்கம் அறிவியல், ஒரு பக்கம் மதம். 1582-இல் அப்படிப் பிரித்து யாரும் நிற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாட்காட்டி பிசகிவிட்டது என்பது 300 வருடத்துப் பழைய புகார். ரோஜர் பேக்கன் 1267-லேயே போப்புக்கு எழுதிப் புலம்பியிருக்கிறார். 1512 முதல் 1517 வரை நடந்த லாத்தரன் பொதுச்சங்கத்தின்போது திருத்த முயன்றார்கள், கருத்துக் கேட்கப்பட்டவர்களில் கோப்பர்நிக்கஸும் ஒருவர். வருடத்தின் நீளமும் மாதத்தின் நீளமும் துல்லியமாகத் தெரியாததால்தான் அந்த முயற்சி நின்றது என்று அவரே 1543-இல் வந்த நூலின் முன்னுரையில் எழுதுகிறார். அந்த நூலை அவர் காணிக்கையாக்கியது போப் 3-ஆம் பவுலுக்கு.

அப்புறம் டிரெண்ட் பொதுச்சங்கம். 1563-இல் முடிந்தபோது வழிபாட்டு நூல்களைச் சீர்செய்யும் பொறுப்பை போப்பிடம் விட்டார்கள். வழிபாட்டு நூல் என்றால் திருநாள் அட்டவணை, அட்டவணை என்றால் நாட்காட்டி. தீர்வு வந்த இடம்தான் வேடிக்கை. இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர் சந்திரக் கணக்கைத் திருத்தும் ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்து எழுதி வைத்தார், 1576-இல் இறந்தும் போனார். கையெழுத்துப் பிரதியை ரோமுக்குக் கொண்டுபோனவர் அவருடைய தம்பி அந்தோனியோ. போப் அமைத்த குழுவில் இயேசு சபைக் கணிதர் கிளாவியுஸ், வானியல் தெரிந்த டொமினிக்கன் துறவி இன்யாசியோ தாந்தி, சிரியாவிலிருந்து வந்திருந்த அந்தியோக்கிய மறைமுதுவர் (கிழக்குச் சபைத் தலைவர்) நிமத்துல்லா ஆகியோர் இருந்தார்கள். 1577-இல் திட்டத்தின் சுருக்கத்தை அச்சடித்துக் கத்தோலிக்க அரசர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அச்சு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணை. அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி உடனே மாறின. பிரான்ஸ் டிசம்பரில் மாறியது. புனிதர் ஆவிலா தெரசம்மாள் ஸ்பெயினில் இறந்தது சரியாக அந்த இரவில். அக்டோபர் 4 இரவு போனார், விடிந்தால் 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

#6 காரசாரம்

பழுப்பேடு சார் வழக்கம்போல ரோமுக்கு வெள்ளையடிக்கிறார். கோப்பர்நிக்கஸ் நூலை 1616-இல் "திருத்தும்வரை" முடக்கி வைத்தது யார்? 1633-இல் கலிலியோவை மண்டியிட வைத்தது யார்? 1600-இல் புரூனோவை எரித்தது யார்? நாட்காட்டி வேலையைச் செய்தார்கள் என்பதற்காக அறிவியல் காவலர் பட்டம் கொடுக்க முடியாது. ஈஸ்டர் தேவைப்பட்டது, வானியலைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

#7 பழுப்பேடு

பட்டம் யார் கொடுத்தது? நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், ஆனால் "அவ்வளவுதான்" என்பதை மட்டும் எடுத்துவிட்டு.

தேவைப்பட்டது என்பது சின்ன விஷயம் இல்லை. ஈஸ்டர் கணக்குக்காகக் கோயில் தரையில் கோடு போட்டார்கள். கூரையில் துளை, நண்பகலில் அதன் வழியே விழும் ஒளி கோட்டைக் கடக்கும் இடத்தை வைத்துச் சூரியனின் உயரம் தெரியும். தாந்தி வத்திக்கான் கோபுரத்தில் ஒன்று வைத்தார், பொலோஞா நகரத்து சான் பெத்ரோனியோ கோயிலிலும் ஒன்று. பிந்தையதைப் பெரிதாக்கி 1655-இல் புதிதாக அமைத்தவர் வானியலாளர் காசினி. அதை வைத்து அவர் அளந்து பார்த்தது கெப்ளர் சொன்ன சூரியக் கணக்கைத்தான், அளவுகளும் கெப்ளருக்குச் சாதகமாகவே வந்தன. கலிலியோ தண்டிக்கப்பட்டு ஏறக்குறைய 22 வருடமே ஆன நேரம், பொலோஞா போப்பின் ஆட்சியில் இருந்த நகரம்.

கிளாவியுஸைப் பாருங்கள். கடைசிவரை பூமி நடுவில் நிற்கிறது என்று நம்பியவர். ஆனால் 1611-இல் கலிலியோ ரோமுக்கு வந்தபோது, வியாழனின் துணைக்கோள்கள் உண்மைதான் என்று உறுதி செய்தவர்கள் கிளாவியுஸும் அவருடைய கல்லூரிக் கணிதர்களும். ஆக, எண்ணைத் திருத்த அனுமதி தாராளமாக உண்டு. "வானம் உண்மையில் இப்படித்தான் இருக்கிறது, வேதத்தை அதற்கேற்ப வாசியுங்கள்" என்று சொன்னால்தான் அடி விழும். கலிலியோ தாண்டியது அந்தக் கோட்டை.

#8 காரசாரம்

அந்தக் கோட்டைப் போட்டதே குற்றம் என்பதுதான் என் வாதம். சரி, விடுங்கள். புராட்டஸ்டன்ட் பக்கம் யாராவது பேசுங்கள், அவர்கள் மட்டும் யோக்கியமா என்று பார்ப்போம்.

#9 நிலாச்சோறு

நான் இருப்பது பவேரியாவில், ஆக்ஸ்பர்க் பக்கம், அதனால் இதில் வாய் வைக்கிறேன். அந்த நகரத்தில் மட்டும் ஆகஸ்ட் 8 பொது விடுமுறை, ஜெர்மனியில் வேறெங்கும் கிடையாது. 1650 முதல் கொண்டாடும் அமைதித் திருநாள். அந்த நகரம் அமைதிக்குத் தனி நாள் ஒதுக்கும் அளவுக்கு அடித்துக்கொண்டதில் நாட்காட்டிக்கும் பங்கு உண்டு.

16-ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்பர்க்கில் மக்கள் பெரும்பாலும் லூத்தரன்கள், அதாவது புராட்டஸ்டன்ட்களில் ஒரு பிரிவினர். நகர மன்றத்தில் கை ஓங்கியிருந்தவர்கள் கத்தோலிக்கர்கள், 1548-இல் பேரரசர் 5-ஆம் சார்லஸ் மன்றத்தை அப்படி மாற்றி அமைத்துவிட்டுப் போனார். 1583-இல் மன்றம் புது நாட்காட்டியை ஏற்றது. காரணம் வியாபாரம் என்றார்கள்: சுற்றிலும் பவேரியா மாறிவிட்டது, சந்தை நாள் ஒத்துப்போக வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லூத்தரன் போதகர்கள் "எங்கள் திருநாளை நிர்ணயிக்க போப் யார்?" என்று கேட்டார்கள். வழக்கு பேரரசின் உயர் நீதிமன்றம் வரை போய் மன்றத்துக்குச் சாதகமாக முடிந்தது. 1584 ஜூனில் லூத்தரன் தலைமைப் போதகர் கியோர்க் முல்லரை நகரத்தைவிட்டு வெளியேற்ற வண்டியில் ஏற்றினார்கள். ஜனங்கள் திரண்டு வண்டியை மறித்து அவரை மீட்டுவிட்டார்கள். நகரமே ஆயுதம் எடுத்தது.

ரீகா நகரத்திலும் இதே கதை. லூத்தரன் நகரம், மேலே போலந்தின் கத்தோலிக்க அரசர், புது நாட்காட்டி. 1584-இல் தொடங்கிய கலகம் 1589 வரை அடங்கவில்லை.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். 1572-இல் பிரான்சில் பர்த்தலமேயு திருநாளையொட்டிப் புராட்டஸ்டன்ட்களைக் கொன்று குவித்தார்கள். அந்தச் செய்தி ரோமுக்கு வந்ததும் நன்றிப் பாடல் பாடி, பதக்கம் அடித்துக் கொண்டாடியவர் இதே 13-ஆம் கிரிகோரி. பத்தே வருடம் கழித்து அந்த ஆளிடமிருந்து ஒரு "கட்டளை" வருகிறது. உள்ளே இருக்கும் கணக்கு சரியா என்று யார் பார்ப்பார்கள்?

#10 செல்வி_வானம்

ஆனால் கணக்கைப் பார்த்தவர்களும் எதிர்த்தார்களே. டூபிங்கனில் கெப்ளரின் ஆசிரியர் மெஸ்ட்லின் புது நாட்காட்டிக்கு எதிராக நூலே எழுதினார். பிரான்சின் வியெட் பெரிய கணிதர், கிளாவியுஸோடு கடுமையாக மோதினார். காலக்கணக்கு அறிஞர் ஸ்காலிகரும் மோதினார். கிளாவியுஸ் 1603-இல் ஒரு பெரிய விளக்க நூலே எழுத வேண்டியதாயிற்று.

எதிர்ப்பில் சரக்கும் இருந்தது. புது நாட்காட்டியின் பௌர்ணமி உண்மையான பௌர்ணமி இல்லை, சராசரிக் கணக்கு. வானத்தைப் பார்த்தால் சில நேரம் ஒரு நாள் முன்பின் இருக்கும். பாமரரும் பாதிரியும் அட்டவணையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக கிளாவியுஸ் தெரிந்தே செய்த சமரசம் அது.

மெஸ்ட்லினின் மாணவர் கெப்ளர் மட்டும் எதிர்த் திசையில் போனார். லூத்தரனாக இருந்துகொண்டே புது நாட்காட்டியை ஆதரித்தார். 1613-இல் ரேகன்ஸ்பர்க் பேரவைக்குப் பேரரசர் மத்தியாஸோடு போய் அதற்காக வாதாடினார். எடுபடவில்லை. ஐந்து வருடத்தில் முப்பதாண்டுப் போர் வந்துவிட்டது.

#11 வைகைக்கரையான்

அப்படியானால் பக்கத்துப் பக்கத்து ஊரில் வேறு வேறு தேதியா? கடிதம் எப்படி எழுதினார்கள்?

#12 நிலாச்சோறு

இரண்டையும் போட்டு எழுதினார்கள், பின்னம் மாதிரி. போரை முடித்த 1648 வெஸ்ட்பாலியா ஒப்பந்தத்தின் ஓஸ்னாப்ரூக் ஆவணத்தில் "14/24 அக்டோபர்" என்றே இருக்கும். 1688-இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து நவம்பர் 11 அன்று கப்பலேறி, நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் இறங்கினார். ஹாலந்து மாநிலம் 1583-லேயே மாறியிருந்தது, அதே குடியரசின் உட்ரெக்ட் மாநிலம் 1700 வரை மாறவில்லை!

#13 கணக்குப்பிள்ளை

வட்டி எப்படிப் போட்டார்கள் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது. இங்கிலாந்தில் 11 நாளைத் திருப்பிக் கொடு என்று கலவரம் நடந்ததாகப் படித்தேன், அதுவும் கூலி, வாடகை விஷயம்தானே?

#14 பழுப்பேடு

கலவரம் நடந்ததற்குச் சான்று இல்லை. ஓவியர் ஹோகார்த் 1755-இல் வரைந்த தேர்தல் விருந்துப் படத்தில் தரையில் "எங்கள் 11 நாளைக் கொடு" என்ற பதாகை கிடக்கும். 1754 ஆக்ஸ்போர்டுஷைர் தேர்தலைக் கிண்டல் செய்யும் படம் அது. பின்னால் வந்தவர்கள் அதை நடந்த கலவரத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாள, பாடநூல் வரை வந்துவிட்டது. தேடிப் பார்த்த வரலாற்றாய்வாளர்களுக்குக் கலவரம் அகப்படவில்லை. முணுமுணுப்பு இருந்தது, பழைய கிறிஸ்துமஸைப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

உங்கள் துறைக்கு வருகிறேன். சட்டம் எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 (1700 பழைய கணக்கில் மட்டும் லீப் வருடம், அதனால் 10 நாள் வித்தியாசம் 11 ஆகிவிட்டது). ஆனால் வாடகை, கடன் தவணை, குத்தகை எதுவும் 11 நாள் முன்னதாகக் கெடு விழக் கூடாது என்று சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மார்ச் 25 கெடு என்றால் இனி ஏப்ரல் 5. பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 5-இல் முடிகிறதே, ஏன் என்று யோசித்ததுண்டா? கூடவே வருடப் பிறப்பும் மார்ச் 25-இலிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. அதனால் இங்கிலாந்தின் 1751-க்கு மொத்தமே 282 நாள்தான்.

இங்கிலாந்து 1583-லேயே மாறியிருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எலிசபெத் அரசி ஜான் டீயிடம் கருத்துக் கேட்டார். 11 நாள் சரி, ஆனால் ஐரோப்பாவோடு ஒத்துப்போக 10 போதும் என்று அவர் ஒப்புக்கொண்டார். அமைச்சர் பர்லியும் சம்மதம். தடுத்தவர்கள் பேராயர் கிரிண்டலும் பிஷப்புகளும். மற்ற புராட்டஸ்டன்ட் சபைகளைக் கலந்து பேசாமல் போப்பின் ஏற்பாட்டை எடுக்க முடியாது என்றார்கள். காரசாரம் கேட்ட "அவர்கள் மட்டும் யோக்கியமா"வுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

#15 காரசாரம்

வைத்துக்கொண்டேன். ஸ்வீடனை விட்டுவிட்டீர்களே! 10 நாளை ஒரேயடியாக எடுக்க வேண்டாம், 1700 முதல் 40 வருடம் லீப் நாளே இல்லாமல் மெதுவாகச் சரிசெய்வோம் என்று திட்டம். 1700-இல் விட்டார்கள். பிறகு அரசர் 12-ஆம் சார்லஸ் போரில் இறங்கிவிட்டார், 1704-இலும் 1708-இலும் லீப் நாள் வழக்கம்போல வந்து போயிற்று. ஆக ஸ்வீடன் ஜூலியனும் இல்லை, கிரிகோரியனும் இல்லை, உலகத்தில் யாரோடும் ஒட்டாத தேதி. கடைசியில் பழையதற்கே திரும்ப 1712-இல் பிப்ரவரிக்கு 30 நாள். அந்த நாளில் பிறந்த குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

#16 நிலாச்சோறு

ஸ்வீடன் சிரிப்பு. ஜெர்மன் புராட்டஸ்டன்ட்கள் 1700-இல் செய்தது தந்திரம். பிப்ரவரி 18-க்கு அடுத்து மார்ச் 1 என்று நாளை எடுத்துவிட்டார்கள், ஆனால் பெயர் "திருத்திய நாட்காட்டி", கிரிகோரி என்ற பேச்சே கிடையாது. ஈஸ்டரை போப்பின் அட்டவணையில் பார்க்காமல் கெப்ளரின் வானியல் அட்டவணை கொண்டு நேரடியாகக் கணக்கிட்டார்கள். தேதி ஒன்றாகிவிட்டது, ஈஸ்டர் மட்டும் எப்போதாவது பிரியும். 1724-இல் அப்படிப் பிரிந்தது: லூத்தரன் லைப்சிக்கில் ஏப்ரல் 9, கத்தோலிக்க ஊர்களில் ஏப்ரல் 16. இசையமைப்பாளர் பாக் தம்முடைய யோவான் நற்செய்திப் பாடுகளின் இசையை முதன்முதலாக நிகழ்த்திய பெரிய வெள்ளி அந்த வருடத்து ஏப்ரல் 7.

எனக்குப் பிடித்த பகுதி பெர்லின். போப் வேண்டாம் என்றால் கணக்கை யார் போடுவது? வானியலாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். தத்துவ அறிஞரும் கணிதருமான லைப்னிட்ஸ் பெர்லினில் அறிவியல் கழகம் தொடங்க அலைந்துகொண்டிருந்தார். 1700-இல் கழகம் வந்தது. அதற்குக் கொடுத்த வருமானம் நாட்டில் நாட்காட்டி விற்கும் ஏகபோக உரிமை. குடியானவர் வாங்கும் பஞ்சாங்கத்தின் காசில் ஓடிய அறிவியல் கழகம்!

முதல் வானியலாளர் கோட்ஃப்ரீட் கிர்ஷ். கூடவே கணக்குப் போட்டவர் அவர் மனைவி மரியா விங்கெல்மன். 1702-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். 1710-இல் கணவர் இறந்ததும், இத்தனை நாள் செய்துவந்த நாட்காட்டி வேலையைத் தனக்கே கொடுக்கும்படி கழகத்திடம் கேட்டார். லைப்னிட்ஸ் ஆதரித்தும் கழகம் மறுத்தது. ஒரு பெண் நாட்காட்டி போட்டால் மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்ற பயம். பிறகு 1716-இல் மகனுக்கு அந்த வேலை கிடைக்க, தாய் உதவியாளர். பார்வையாளர்கள் வரும்போது முன்னால் வந்து நிற்கிறார் என்று அதற்கும் கண்டிப்பு.

#17 செல்வி_வானம்

நிலாச்சோறு அக்கா, இதைத் தனி இழையாகப் போடுங்கள். இவரைப் பற்றித் தமிழில் நான் பார்த்ததே இல்லை.

#18 கணக்குப்பிள்ளை

நம் கரையோரமும் அப்போது இவர்கள் எல்லோரும் இருந்தார்களே. சென்னையில் எந்தத் தேதி?

#19 பழுப்பேடு

1752 வரை சென்னையின் ஆங்கிலேயர் கோட்டையில் பழைய தேதி, புதுச்சேரியில் புதுத் தேதி. தரங்கம்பாடிக்கு உரிய டென்மார்க் 1700-இல் மாறிவிட்டது, சீகன்பால்கு வந்திறங்கியது 1706. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் குறிப்பில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் குறிப்பில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசிப்பவர்கள் கவனிக்க: அவர் தமிழ்த் தேதியோடு கொடுப்பது புதுச்சேரியின் தேதி. அந்த நாள் அவருக்கு அட்சய வருடம் புரட்டாசி. கோட்டை ஆவணங்களோடு ஒப்பிடும்போது 11 நாளைக் கழிக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

#20 வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: "கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார்" என்பதும் இந்தக் கோளாறுதானா?

#21 செல்வி_வானம்

அதேதான். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியத் தேதி. நியூட்டன் பிறந்தது 1642 கிறிஸ்துமஸ், இங்கிலாந்துத் தேதி. இத்தாலியத் தேதியில் நியூட்டனின் பிறந்த நாள் 1643 ஜனவரி 4. இரண்டு பேரையும் பழைய தேதியில் வைத்து, வருடம் மார்ச் 25-இல் தொடங்கும் ஆங்கில வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர். எந்தக் கணக்கை எடுத்தாலும், ஒரே நாட்காட்டியில் வைத்தால் இருவரும் ஒரே வருடத்தில் சேர மாட்டார்கள்.